பாண்டி மேஸ்திரியின் மாட்டுக்கண்

பாண்டி மேஸ்திரி யாரிடமும் முடியாது என்று சொன்னதே இல்லை. எங்கள் குப்பத்தில் அவரை வேலைக்கு வைத்தவர்கள் அத்தனை பேரும் பின்னால் வருத்தப்பட்டது இந்த ஒரு குணத்தால்தான்.

சமையல் மேடை இடுப்பு உயரத்துக்கு வேண்டும் என்பார்கள். "சரி" என்பார். வாசல்படி மூன்று போதும் என்பார்கள். "சரி." ஜன்னல் சதுரமாக இருக்கட்டும், மூன்றடிக்கு மூன்றடி என்பார்கள். "சரி." அந்தச் சொல்லில் எந்தக் குறையும் இருக்காது. கேட்டவரின் முகத்தைப் பார்த்து, தலையை ஒருமுறை ஆட்டி, தெளிவாகத்தான் சொல்வார். பிறகு போய், ஏரியைப் பார்த்த சுவரில் வட்டமாக ஒரு ஜன்னல் வைத்துவிடுவார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள எங்கள் குப்பம் அவருடைய மனைவியின் ஊர். கல்யாணமாகிப் பல வருஷம் பாண்டிச்சேரியில் இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். அங்கே கடற்கரை ஓரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழைய வீடுகளைப் பழைய மாதிரியே பழுது பார்த்துக் கொடுக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை செய்தாராம். அந்த வீடுகளில் மாடி உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, வட்டமாக ஒரு ஜன்னல் இருக்கும். சுற்றிலும் சுதையில் இலைமாலை. மாலைக்கு உச்சியில் ஒரு முடிச்சு. அதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் மாட்டுக்கண் என்று வரும் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வட்டம் ஏன் என்று அவரிடம் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரே ஒருமுறைதான் பதில் சொன்னார். டீக்கடையில், என் நைனாவிடம்.

"சதுரமா வச்சா கதவு போட்டு மூடிடுவாங்கண்ணா. வட்டத்துக்கு நம்மூரு ஆசாரிக்குக் கதவு செய்ய வராது."

"மூடாம இருந்தா மழ வருமே?"

"சரி," என்றார் மேஸ்திரி.

அவர் செய்யும் முறையும் எளிதுதான். டிராக்டரின் முன் டயர் ஒன்று வைத்திருந்தார். அதைச் சுவர்மேல் நிறுத்தி, சுற்றிலும் செங்கல் வளைத்துக் கட்டி, காய்ந்ததும் டயரை நெளித்து வெளியே எடுத்துவிடுவார். பிறகு ஒரு டீ ஸ்பூனை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து இலைகளைச் செதுக்குவார். எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அவை மடவை மீன்களாகத்தான் தெரிந்தன. வால்கூட இருந்தது. இலை என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார்.

ஊரிலேயே முதன்முதலில் அலங்காரம் செய்யப்பட்ட கட்டடம் பெண்களுக்கான பொதுக் கழிப்பிடம். மேலே சிமெண்டு ஜாலி வைக்கச் சொன்னார்கள். அவர் சரி என்றார். இலைமாலையோடு மாட்டுக்கண் வந்தது. வலை பின்னுகிற பெண்கள் நான்கு பேர் சேர்ந்து போய்ச் சண்டை போட்டார்கள்.

"யோவ் மேஸ்திரி, உள்ள ஆளு இருக்கசொல்ல எவனாவது எட்டிப் பாத்தா இன்னா பண்றது?"

"சரி."

"இன்னா சரி? எட்டிப் பாக்கறது சரியா?"

அவர் ஏணியை எடுத்துவந்து சுவரில் சாய்த்து, ஏறச்சொல்லிக் கைகாட்டினார். ஒருத்தி ஏறிப் பார்த்தாள். பத்தடி உயரம், எட்டிப் பார்க்க வேண்டுமானால் ஏணியோடுதான் வரவேண்டும். இரண்டு மாதத்தில் உள்ளே நாற்றமே நிற்பதில்லை என்பது தெரிந்தது. அதைப் பற்றி யாரும் அவரிடம் போய்ப் பேசவில்லை. சண்டை போடுவதற்குத்தானே பேச்சு வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா சமையலறையில் புகை போக்கும் ஃபேன் வைக்கச் சதுரமாகத் துளை கேட்டார். வட்டம் வந்தது. ஃபேனும் வட்டமாக இருந்ததால் அது மட்டும் பொருந்திப் போனது. அவர் கட்டியதில் எந்தப் புகாரும் வராத ஒரே வேலை அதுதான்.

டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்க்கப் பழவேற்காட்டுக்குச் சென்னையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். ஒருமுறை ஒரு கூட்டம் வழிதவறி எங்கள் குப்பத்துக்குள் வந்து, அந்தக் கழிப்பிடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியிடம் அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "ஐயா, இது டச்சுக்காரங்க கட்டினதா?"

"சரி," என்றார்.

அவள் அதை எழுதிக்கொண்டாள்.

இப்படிப்பட்ட மனிதரோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று ஊர்ப் பெண்கள் அவர் மனைவியிடம் குழாயடியில் கேட்பதுண்டு. அவர் குடத்தைத் தூக்கியபடியே சொல்வார்: "பொண்ணு பாக்க வந்தப்ப என்னியும் சரின்னுதான் சொன்னாரு. இன்னா நெனச்சிக்கினு சொன்னாரோ, இன்னும் கேக்கல."

நான் பாலிடெக்னிக்கில் சிவில் இரண்டாம் வருஷம் படித்தபோது எங்கள் வீட்டுக்கு மேலே ஓர் அறை கட்ட முடிவானது. நைனாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் வீட்டில் பேனாவுக்கு மூடி கழற்றிய முதல் ஆள் நான்தான். ஆகவே பிளானை நான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கட்டம் போட்ட தாளில், ஊசிமுனைப் பென்சிலால் மூன்று நாள் வரைந்தேன். கிழக்குச் சுவரில், ஏரியைப் பார்த்து, சரியாக நடுவில் ஒரு சதுர ஜன்னல். தாளை மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் என் வாத்தியார்கள்கூடப் பார்த்ததில்லை. பிறகு எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சரி."

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது மாட்டுக்கண் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அது நடுவில் இல்லை. தெற்கே இரண்டடி ஒதுங்கி இருந்தது. டேப்பை வைத்து மூன்றுமுறை அளந்தேன்.

"மேஸ்திரி, நடுவுல இல்லியே?"

"நடுவுலதான் கட்டிலு வரும். படுத்திருக்கிறவங்க மூஞ்சில வெயிலு அடிக்கும்."

"பிளான்ல நடுவுலதானே போட்டிருந்தேன்?"

"சரி."

பாண்டிச்சேரியில் ஒரே சுவருக்கு இன்ஜினீயர் ஒன்று சொல்வாராம், பாரிசில் இருக்கும் வீட்டுக்காரர் போனில் ஒன்று சொல்வாராம், கான்ட்ராக்டர் வேறொன்று சொல்வாராம். "மூணு பேருக்கும் சரின்னேன். செவுரு ஒண்ணுதான தம்பி," என்றார் அன்றைக்கு. எனக்கு அது பதிலாகப் படவில்லை. என் வகுப்பு நண்பன் ஒருவன் ஊருக்கு வந்தபோது படகிலிருந்தே பார்த்துவிட்டு, "உங்க வூட்டுக்கு மாறுகண்ணுடா," என்றான். ஒரு வருஷம் அந்தச் சொல் என் நெஞ்சில் கிடந்தது. இப்போது நினைத்தால் நெஞ்சுக்கு வேறு எத்தனையோ வேலை இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

நைனாவுக்கு அந்த ஜன்னல் வேறு விதத்தில் பயன்பட்டது.

எங்கள் ஏரியில் எந்த இடத்தில் எந்த வீடு எந்த நாளில் கம்பு நட்டு வலை கட்டுவது என்பதைக் குலுக்கிப்போட்டு எடுப்பார்கள். அதைப் பாடு என்போம். எங்கள் குப்பத்துப் பாடும் வடக்கே அடுத்த குப்பத்துப் பாடும் தண்ணீரில் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. தண்ணீரில் கோடு போட முடியாது. அதனால் கரையில் உள்ள இரண்டு பொருள்களைக் கண்ணால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்போம். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் நீ எல்லையில் நிற்கிறாய். எங்கள் பக்கத்து எல்லைக்கு, எங்கள் வீட்டருகே இருந்த ஒற்றைப் பனையும் அதற்குப் பின்னால் நூறு மீட்டர் தள்ளி நிற்கும் செல்போன் டவரும் குறி. பனை இடி விழுந்து கருகிப் போனதும், புதிதாக வந்த மாட்டுக்கண் அதே நேர்க்கோட்டில் இருப்பதை நைனாதான் கண்டுபிடித்தார். வெள்ளைச் சுவரில் கறுப்பாக ஒரு வட்டம். ஏரியில் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் தெரியும். இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் படகில் போய்ப் பார்த்து, இனிமேல் மாட்டுக்கண்ணும் டவரும்தான் குறி என்று ஒத்துக்கொண்டார்கள். போனில் மேப் இருக்கிறதே என்று நான் சொல்லிப் பார்த்தேன். திறந்து காட்டினேன். ஏரி முழுக்க நீலமாக இருந்தது.

அதற்கடுத்து வந்த ஐப்பசிப் புயலில் மாடிச் சுவர் விரிசல் விட்டது. மேஸ்திரி பூச வந்தார். நைனா கடல் தொழிலுக்குப் போயிருந்தார். நான் கடைசி வருஷம், விடுமுறையில் வீட்டில் இருந்தேன். எப்படியும் அந்த இடத்தில் பாதிச் சுவரைப் பிரித்துக் கட்டத்தான் போகிறார். இந்த முறை தாளைக் கொடுக்கவில்லை. கரித்துண்டை எடுத்துச் சுவரின் சரியான நடுவில் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன்.

"மேஸ்திரி, கண்ண இங்க கொண்ணாந்து வைங்க."

"சரி," என்றார்.

அவருடைய சரிக்கு என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும். அது எல்லைக்குறி என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை. சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் பொன்னேரி போய், ரயிலேறி ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்.

தை மாதம் அம்மா போன் செய்தார். எங்கள் பாடு விழுந்த நாளில் நைனா எல்லை தாண்டி வலை கட்டிவிட்டார் என்று அடுத்த குப்பத்துக்காரர்கள் வலையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்களாம். அவர்கள் தங்கள் கடைசிக் கம்பை எதிர்க்கரைக் கலங்கரை விளக்கத்தைக் குறியாக வைத்து நடுவார்கள். அது மாறியதே இல்லை. நைனாவின் வலை அந்தக் கம்பைத் தாண்டி இருபது அடிக்குமேல் உள்ளே கிடந்ததாம்.

"திருட்டு வலன்னு சொல்றாங்கடா," என்றார் அம்மா. "நாலு நாளா நைனா டீக்கடைக்குக்கூடப் போவல. ஞாயித்துக்கிழம கூட்டம். தாண்டினது நெசம்னா ஒரு வருஷத்துக்கு நம்ம வூட்டுக்குப் பாடு கெடயாது."

நைனா நாற்பது வருஷம் ஏரியில் இருந்தவர். பாடு போனால் கடலுக்காவது போகலாம். ஆனால் திருட்டு வலை என்ற பேரோடு அவர் எந்தத் தண்ணீரிலும் இறங்கமாட்டார்.

ஞாயிறு காலையில் வீட்டுக்கு வந்து நேராக மாடிக்குப் போனேன். கட்டில், டிரங்குப் பெட்டி, கிழக்குச் சுவர். மாட்டுக்கண் சரியாக நடுவில் இருந்தது. டேப்பை எடுத்து அளந்தேன். இந்தப் பக்கம் ஐந்தேகால் அடி. அந்தப் பக்கம் ஐந்தேகால் அடி. இந்த உலகத்தில் நான் சொன்னபடி நடந்த முதல் கட்டட வேலை அதுதான்.

"வெயிலு இப்பல்லாம் கட்டிலு மேலயே வுழுது," என்றார் பின்னாலேயே வந்த அம்மா. "சூரியன்தான் வடக்கால போவுதுன்னு நெனச்சேன்."

மேஸ்திரி வீட்டுக்கு ஓடினேன். வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மேஸ்திரி? ஊருல ஒருத்தரு சொன்னதயும் நீங்க கேட்டதில்லியே. இந்த ஒரு தபா மட்டும் ஏன் கேட்டீங்க?"

அவர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"நீ கோடு போட்டுக் காட்டினியே," என்றார்.

கூட்டம் மீன் ஏலக் கொட்டகையில். எங்கள் ஊர்த் தலைவர் ஒரு பக்கம், அடுத்த குப்பத்துப் பெரியவர் ஒரு பக்கம். பெரியவர் பருத்த மனிதர், பேச்சு நிதானம். நைனா நடுவில் கைகட்டி நின்றார். ஜன்னல் இடம் மாறியிருக்கிறது என்று நான் சொன்னேன். மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள்.

"இன்னா மேஸ்திரி, ஜன்னல நவுத்தி வச்சியா?" என்றார் எங்கள் தலைவர்.

"சரி."

"சரின்னா? வச்சியா, வைக்கலியா?"

"வச்சேன்."

"இருப்பா," என்றார் பெரியவர். "நான் கேக்கறேன். அந்த ஜன்னல் எப்பவும் இருந்த எடத்துலதான இருக்குது?"

"சரி."

கொட்டகையில் சிரிப்புக் கிளம்பியது. நான் எழுந்து நின்றேன்.

"நான்தாங்க நடுவுல வைக்கச் சொன்னேன். நைனாவுக்குத் தெரியாது. அவரு குறிய பாத்துதான் வல கட்டினாரு. தப்பு என்னுது."

"படிச்ச புள்ள. நைனாவுக்காகப் பேசத்தான் செய்யும்," என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. "ஏம்பா மேஸ்திரி, இந்தப் புள்ள சொல்லித்தான் வச்சியா?"

"சரி."

இந்தமுறை கொட்டகை முழுக்கச் சிரித்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய உண்மைக்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான். நைனா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உன் பேச்ச கேட்டு ஒருத்தன் வேல செஞ்சிருக்கான்," என்றார். "அதுக்கு என் வல போச்சு."

சிரிப்பு அடங்குவதற்குள் மேஸ்திரி எழுந்து நடந்தார். எங்கே போகிறார் என்று தெரியாமல் எல்லாரும் பின்னால் போனோம். எங்கள் வீட்டு மாடிக்குப் போனார். ஜன்னலுக்குத் தெற்கே சுவரைப் பூச்சுக் கரண்டியின் காம்பால் தட்டினார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. அங்கே சுண்ணாம்பைச் சுரண்டினார். புதுப் பூச்சுக்கும் பழைய சுவருக்கும் நடுவே ஒரு வளைவு தெரிந்தது. சுரண்டச் சுரண்ட, பிறை மாதிரி பழைய வட்டத்தின் விளிம்பு வெளியே வந்தது. பெரியவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். வலைக்கயிறால் அளந்தார்.

"ரெண்டடி நவுந்திருக்கு. ஒத்துக்கறேன். ஆனா வல இருபதடிக்கு மேல இல்ல உள்ள கெடந்துது?"

இதற்குத்தான் நான் படித்திருந்தேன். தரையில் கரித்துண்டால் முக்கோணம் போட்டேன். டவரிலிருந்து ஜன்னல் நூறு மீட்டர், டவரிலிருந்து வலை ஆயிரத்து நூறு மீட்டர், ஆகவே பதினொரு மடங்கு. இங்கே இரண்டடி நகர்ந்தால் தண்ணீரில் இருபத்திரண்டு அடி. விளக்கி முடித்தேன். ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை என்பது முகங்களில் தெரிந்தது.

"கணக்கு வேணாம்," என்றார் நைனா. "தண்ணியில பாத்துக்கலாம்."

அவர் சொன்னது இதுதான். அடுத்த குப்பத்தின் கடைசிக் கம்புக்குப் பக்கத்தில், நம் எல்லை எப்போதும் இருந்த இடத்தில் அவர் படகை நிறுத்துவார். பெரியவரும் படகில் வரட்டும். வெளிச்சுவரில் எதையாவது கறுப்பாகத் தொங்கவிட்டு, அது டவருக்கு நேராக வரும்வரை மேஸ்திரி நகர்த்தட்டும். எங்கே நிற்கிறதோ அங்கேதான் குறி இருந்திருக்க வேண்டும். அது பழைய வட்டத்தின்மேல் நின்றால் தான் யோக்கியன். புதுக் கண்ணின்மேல் நின்றால் திருடன்.

"அப்படியே ஆவட்டும்," என்றார் பெரியவர். தன் தம்பி மகனை மேஸ்திரிக்குக் காவலாக மொட்டைமாடியில் நிறுத்தினார்.

தொங்கவிடத் தோதானது மேஸ்திரியின் டயர்தான். அம்மா தன் கறுப்புச் சேலையை அதற்குள் அடைத்துக் கொடுத்தார். புதுக் கண் கறுப்பாகத் தெரிந்தால் குழப்பும். மேஸ்திரி இடுப்பிலிருந்த வெள்ளை வேட்டியை அவிழ்த்து அதை மூடிவிட்டு, காக்கி டவுசரோடு மொட்டைமாடிக்கு ஏறிப்போய், டயரைக் கயிற்றில் கட்டிச் சுவரோரமாக இறக்கினார். ஊரே கீழே நின்று பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

படகில் நைனா, பெரியவர், நான். நைனா கழி ஊன்றித் தள்ளினார். அந்தக் கடைசிக் கம்பின்மேல் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது. நாங்கள் போனதும் எழுந்துபோனது. கம்பிலிருந்து ஒரு துடுப்பு நீளம் தள்ளிப் படகை நிறுத்தினார். வெள்ளைச் சுவரில் டயர் சின்னக் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. டவர் அதற்குத் தெற்கே நின்றது.

நான் போன் போட்டேன்.

"மேஸ்திரி, தெக்கால நவுத்துங்க. அரை அடி."

"சரி."

புள்ளி அசையவில்லை.

"மேஸ்திரி, தெக்கால."

"சரி."

"நவுத்திட்டீங்களா?"

"சரி."

பெரியவர் என்னைப் பார்த்தார்.

"போன உள்ள வை," என்றார் நைனா. "அவன் காதுல சொல்லாத. கண்ணுல காட்டு."

தோளிலிருந்த சிவப்புத் துண்டைக் கழியின் நுனியில் கட்டினார். எழுந்து நின்று, கழியை உயரத் தூக்கித் தெற்கே சாய்த்தார். கரையில் அந்தப் புள்ளி நகர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, சுவரில் பூச்சி ஊர்வதுபோல நகர்ந்தது. நைனா கழியை இன்னும் சாய்த்தார், இன்னும் நகர்ந்தது. கொஞ்சம் அதிகமாகிவிட்டது, வடக்கே சாய்த்தார், திரும்பி வந்தது. கடைசியாகப் புள்ளியின் நடு உச்சியிலிருந்து டவர் முளைத்தது போல நேராக நின்றது. நைனா கழியை நிமிர்த்தினார். புள்ளி நின்றுவிட்டது.

"நல்லா பாரு பெரிப்பா," என்றார் நைனா.

பெரியவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மற்றதை மூடிப் பார்த்தார். படகின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்ப் பார்த்தார்.

"நேராத்தான் நிக்கிது," என்றார். "செவுத்துல எங்க நிக்கிதுன்னு கரைக்குப் போயிப் பாப்போம்."

எல்லை இனிமேல் யார் கண்ணுக்கும் தப்பாமல் இருக்கட்டும் என்று நைனா அந்தக் கழியை அங்கேயே சேற்றில் ஆழமாக, நிமிர்த்தி ஊன்றினார். துணி காற்றில் படபடத்தது. கழி இல்லாததால் நானும் அவரும் துடுப்புப் போட்டுத்தான் திரும்பினோம். எதிர்காற்று. கரை சேர முக்கால்மணி நேரம் ஆனது.

படகு தரை தட்டும்போதே பெரியவரின் தம்பி மகன் தண்ணீர்வரை ஓடிவந்தான். மாடிக்குள் போய்க் கயிறு வைத்து அளந்தானாம். "பழைய வட்டத்துமேல கரெக்டா நிக்கிது பெரிப்பா. ஒரு வெரலு கூட மாத்தமில்ல."

பெரியவர் படகிலிருந்து இறங்கி வேட்டியைப் பிழிந்தார். அவசரப்படவில்லை.

"வலைய நானே கொண்ணாந்து கட்டித்தரேன்," என்றார் நைனாவிடம். "எங்க ஆளுங்க பேசினத மனசுல வச்சிக்காத."

நைனா தலையை மட்டும் ஆட்டினார். நேராக வீட்டுக்கு நடந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. மாடிப்படி ஏறினார், அதற்குமேல் இரும்பு ஏணியில் மொட்டைமாடிக்கு ஏறினார். நான் பின்னால் போனேன்.

மேஸ்திரி கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கயிறு இரண்டு கைகளிலும் சுற்றியிருந்தது. உள்ளங்கை சிவந்து வீங்கிப்போயிருந்தது. வெயில் அவருடைய முதுகில் நேராக விழுந்தது. காவலுக்கு நின்ற பையன் அளக்கப் போய் எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கீழே இருந்தவர்கள் முடிந்துவிட்டது, இறக்கு என்று நான்கைந்து தடவை கத்தினார்களாம். எல்லாருக்கும் சரி என்றாராம்.

அவர் கண் ஏரியில் இருந்தது. அங்கே நைனாவின் கழி நிமிர்ந்தபடியே நின்றது.

"மேஸ்திரி, வுடு," என்றார் நைனா.

அவர் அசையவில்லை.

நைனா அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, அவர் கைகளுக்குக் கீழே கயிற்றைத் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தார். டயரின் கனம் நைனாவின் தோளுக்கு மாறியதை நான் பார்த்தேன். மேஸ்திரி இன்னொருமுறை ஏரியைப் பார்த்தார். பிறகு நைனாவின் கைகளைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.